முப்பத்தொன்றாம் டப்பா

எனக்குக் கை சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான். பதினெட்டு வருஷமாகச் சினைப்பை ஆராய்ச்சி செய்கிறவள் நான். கருமுட்டை சீக்கிரமே தீர்ந்துபோகிற பெண்களுக்காக ஒரு மாத்திரை தயாரித்திருந்தோம். ஆறு மாதம் சாப்பிட்டால் மிச்ச முட்டைகள் தாக்குப்பிடிக்கும், பிறகு சோதனைக்குழாய் சிகிச்சை செய்யலாம் என்பது எங்கள் நம்பிக்கை. பாதிப்பேருக்கு நிஜ மருந்து, பாதிப்பேருக்கு வெறும் மாவு மாத்திரை. எது யாருக்கு என்று எனக்கே தெரியக் கூடாது. டப்பாவில் எண் மட்டும் இருக்கும், வருகிற வரிசைப்படி கொடுக்க வேண்டும்.

முப்பத்தொன்றாவதாக வந்து நின்றவள் என் தங்கை.

சொந்தக்காரர்களைச் சேர்க்கக் கூடாது. சேர்த்தேன். கல்யாணமாகிப் பதினோரு வருஷம், புருஷன் வேறு கல்யாணத்தைப் பற்றி ஜாடைமாடையாகப் பேச ஆரம்பித்திருந்தான். ஸ்கேனில் ஏழு முட்டைகள் தெரிந்தன. "அக்கா, எனக்கு மாவைக் குடுத்து ஏமாத்திடாதே" என்று அழுதாள்.

மருந்து அறையைத் தாழிட்டுக்கொண்டு முப்பத்தொன்றைத் திறந்து ஒரு மாத்திரையை நாக்கில் வைத்தேன். இனித்தது. முப்பத்திரண்டாம் டப்பா மாத்திரை எங்கள் மருந்துக்கே உரிய கசப்பில் வாயெல்லாம் கசந்தது. அப்புறமென்ன, லேபிள்களை ஆவி காட்டி உரித்து மாற்றி ஒட்டினேன்.

முப்பத்திரண்டாவது ஆள் ஒரு தையல்காரி. "ரொம்ப நன்றிங்க டாக்டரம்மா" என்று கும்பிட்டு இனிப்பு டப்பாவை வாங்கிப் போனாள். யாரோ ஒருத்தி எக்கேடு கெட்டால் எனக்கென்ன என்றுதான் நினைத்தேன். பொய் சொல்வானேன்.

"பயங்கரக் கசப்புக்கா" என்றாள் தங்கை போனில்.

"கசக்கட்டும்டி. உனக்கு நிஜ மருந்து, நானே பாத்து மாத்தினேன். யார்கிட்டயும் மூச்சு விடாதே."

"நீ அக்கா இல்ல, என் சாமி."

ஐந்தாம் மாதம் கண்காணிப்புக் குழுவிடமிருந்து நாலு வரி வந்தது. சோதனையை உடனே நிறுத்துங்கள், மருந்து சாப்பிட்டவர்களுக்கு முட்டைகள் மடமடவென்று அழிகின்றன. என் பதினெட்டு வருஷமும் மண்ணாய்ப் போனது. அதற்கு அழக்கூடத் தோன்றவில்லை. தங்கையை வரவழைத்து ஸ்கேன் செய்தேன். இந்தப் பக்கம் தேடினேன், அந்தப் பக்கம் தேடினேன், ஒன்றுகூட இல்லை.

"எத்தனைக்கா?"

"மெஷின் மக்கர் பண்ணுது. அப்புறம் பாக்கலாம்."

மருந்து சாப்பிட்டவர்களுக்கு மட்டும் எச்சரிக்கைக் கடிதம் போனது. டப்பா எண் பட்டியல்படி தங்கைக்குப் போகவில்லை, தையல்காரிக்குப் போனது. நான்கு மாதம் ஏதேதோ சாக்குச் சொல்லித் தங்கையைத் தட்டிக் கழித்தேன். ஒருநாள் அவள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து வெளி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் தையல்காரி, மேடிட்ட வயிற்றோடு. கதவு திறந்துதான் இருந்தது. எல்லாம் காதில் விழுந்தது.

"மருந்து சாப்பிட்டவங்களுக்கு முட்டையெல்லாம் அழிஞ்சிடும்னு லெட்டர் வந்துச்சுங்க. பதறியடிச்சு ஓடி வந்தேன். பாத்தா ஒண்ணும் ஆகல! உடனே சிகிச்சை பண்ணி, இதோ, அஞ்சாம் மாசம். மாத்திரையும் மிட்டாயாட்டம் இனிச்சுதுங்க."

"உங்க நம்பர் என்ன?"

"முப்பத்திரண்டு. உங்களுக்கு?"

தங்கை எழுந்து உள்ளே வந்தாள். கத்துவாள், அறைவாள் என்று பார்த்தேன். அறைந்திருக்கலாம், பாவி.

"எனக்கு வந்ததை அவளுக்கா குடுத்தே?"

தலையாட்டினேன்.

"மெஷின் நல்லாத்தான் இருந்துச்சு, இல்ல?"

அதற்கும் தலையாட்டினேன்.

"உனக்குத்தான் ரெண்டு பொண்ணு இருக்கே. சின்னவளை எனக்குக் குடு."

"என்னடி பேசறே?"

"மாட்டே. அடுத்தவங்களோடதைத்தான் எடுத்துக் குடுப்பே."

தையல்காரி எட்டிப் பார்த்தாள். "நான் வரலாமா டாக்டரம்மா?"

நான் வாயெடுக்குமுன் தங்கை அவள் கையைப் பிடித்துக் கட்டிலில் ஏற்றிவிட்டாள். "வாங்க. நானும் கூட இருந்து பாக்கறேனே."

"தாராளமா இருங்க" என்றாள் தையல்காரி, வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே.

கருவியை வயிற்றில் வைத்ததும் குழந்தையின் இதயத் துடிப்பு கேட்டது. தங்கை திரையைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சத்தத்தைக் கூட்டுக்கா" என்றாள்.

கூட்டினேன்.