விமலுக்கு ஒரு லெட்டர்

உடலைக் குளிப்பாட்டுவதற்காக ஐஸ் பெட்டியின் மூடியைத் தூக்கி ஓரமாக வைத்தபோது, ஸ்ரீவாணியின் கையிலிருந்த அப்பாவின் ஃபோன் மறுபடியும் அதிர்ந்தது. பூட்டிய திரையில் அதே ஆங்கிலச் செய்தி. பேராசிரியர் தேவராஜன் அவர்களே, விமலுக்கான உங்கள் பரிந்துரைக் கடிதம் இன்னும் வரவில்லை, இன்று மாலையோடு கெடு முடிகிறது. செத்தவரைப் போய் இப்படித் துளைக்கிறார்களே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

நேற்று சாப்பிடும்போதுதான் சொன்னார். "விமலுக்கு லெட்டர் எழுதியாச்சு. காலம்பற ஒரு தடவை படிச்சுட்டு அனுப்பிடறேன்." எதையும் ஆறப்போட்டுப் படிக்காமல் அனுப்பாத மனுஷர். தெருவில் கல்யாணப் பத்திரிகை அடித்தால்கூட அவரிடம்தான் பிழை பார்க்கக் கொடுப்பார்கள். இன்று விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் அப்புறம் எழுந்திருக்கவில்லை. கடிதம் ஃபோனுக்குள் இருக்கிறது. ஃபோன் அவர் கட்டைவிரலுக்குத்தான் திறக்கும். ரகசிய எண் அம்மாவுக்கும் தெரியாது.

விமல் அவரிடம் மூலக்கூறு உயிரியலில் பி.எச்டி முடித்த கடைசி மாணவன். அவன் அப்பாவுக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்பு ஆலை வேலை. அடுத்த ஆராய்ச்சி இடத்துக்காக உலகம் பூராவும் மெயில் போட்டு, பாதிப் பேர் பதிலே போடாமல், ஒருவழியாக ஜெர்மனியில் ஓர் ஆய்வுக்கூடம் கூப்பிட்டிருக்கிறது. உதவித்தொகைக்கு வழிகாட்டிப் பேராசிரியரின் கடிதம் கட்டாயம். பட்டம் வாங்கி ஐந்து வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அவனுக்கு இதுதான் கடைசி வருடம். காலையிலிருந்து நாற்காலி போட்டான், வந்தவர்களுக்குக் காபி கொடுத்தான். லெட்டர் என்று மட்டும் வாயைத் திறக்கவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அவளேதான் கேட்டாள். "அந்த ஜெர்மனிக்காரங்களுக்கு எழுதிப் பாத்தியா விமல்?"

"எய்துனேன்க்கா. ஆபீஸ் லீவாம், திங்கக்கெயமதான் பாப்பாங்களாம். தானா வர்ற மெயிலு."

"நானே அப்பா பேர்ல எழுதிடட்டுமா?"

"சாரோட மெயில்லேர்ந்துதான் போவணும். அதுவுமில்லாம, சார் பேர்ல பொய் இன்னாத்துக்குக்கா? வேணாம்."

"ஜலம் ரெடியா? நாழியாறது," என்று வாசலிலிருந்து, சடங்கு செய்ய வந்திருந்த வாத்தியார் குரல் கொடுத்தார். விமல் தண்ணீர் பிடிக்கப் போனான்.

ஸ்ரீவாணி பெட்டியருகே மண்டியிட்டாள். மாலையை விலக்கி அப்பாவின் வலது கையைப் பிடித்தாள். விறைத்த கை வரவில்லை. ஃபோனைத்தான் அதனிடம் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஈரமாக இருந்த கட்டைவிரலைத் தலைப்பால் துடைத்து, ஃபோனில் வைத்து அழுத்தினாள். பொருந்தவில்லை என்றது. இரண்டு கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துச் சூடாக்கிப் பார்த்தாள். அப்போதும் அதேதான்.

"ஏண்டி, என்ன பண்றே?" என்றாள் மூலையில் சுருண்டிருந்த அம்மா வைதேஹி.

அவள் ஃபோனைத் திருப்பி, சாய்த்து, இன்னும் பலமாக அழுத்தினாள். வெட்கமாக இருந்தது. நிறுத்தவும் முடியவில்லை.

தண்ணீர்க் குடத்தோடு வாசலுக்குப் போக அந்த வழியாக வந்த விமல் அதைக் கீழே வைத்தான். பக்கத்தில் உட்கார்ந்து, அவள் விரல்களை மெல்லப் பிரித்தான்.

"விட்ருங்கக்கா. சாருக்குக் கை வலிக்கும்."

மேலே போர்த்தியிருந்த வேட்டியை இழுத்து அந்தக் கையை மூடிவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனான்.