பதினொரு பேரில் இல்லாத டிரைவர்

ரத்த வங்கிப் பதிவாளர் போன வாரம் தன் கையாலேயே ரத்தக் கொடையாளர் பட்டியலில் சேர்த்த ஆளை, அன்று மதியம் கணினி கண்டுகொள்ளவே இல்லை. மாடியில், காலையில் பிரசவமான பெண்ணுக்குக் கையிருப்பில் இருந்த கடைசிப் பை ஓ நெகட்டிவ் ஏறிக்கொண்டிருந்தது. இருட்டுவதற்குள் இன்னொன்று வேண்டும்.

பதிவாளர் கறுப்புத் திரையில் 'லுக்' என்ற தேடும் கட்டளையை அடித்து, 'ஓ நெ' என்று தொடக்கத்தை மட்டும் கொடுத்திருந்தாள். ஆளுக்கொன்றாக, ரத்த வகையை முதலில் வைத்து எழுதிய இரண்டாயிரம் வரிகளில் அப்படித் தொடங்குகிறவை கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். வந்தவை பதினொன்று. எல்லோரையும் அழைத்துப் பார்த்தாயிற்று. பாதிப் பேர் சமீபத்தில்தான் கொடுத்தவர்கள். மீதிப் பேர் ஊரில் இல்லை.

"ஒரு பஸ் டிரைவர் வந்தாரேக்கா, அவரும் இதே குரூப்தானே?" என்றாள் வாசலில் நின்ற நர்ஸ்.

"நான்தான் எழுதினேன். இப்ப காணோமே."

"எங்க எழுதினீங்க?"

"இருக்கறதுக்கெல்லாம் கீழ."

"பாவம், புதுசா வந்தவரைக் கடைசி பெஞ்சுல உக்கார வெச்சிருக்கீங்க. டீச்சர் அந்தப் பக்கம் திரும்பியே பாக்கலை போல."

பதிவாளரின் விரல்கள் அப்படியே நின்றன. 'லுக்' ஒவ்வொரு வரியாகப் படிப்பதில்லை. அகராதி புரட்டுகிறவனைப் போல நடுவில் திறக்கும். நடுவில் இருப்பது 'ஓ பாசிட்டிவ்'. 'ஓ நெகட்டிவ்' அதற்கு முன்னால்தானே வரவேண்டும்? பின்பாதியை அப்படியே ஒதுக்கிவிட்டு, முன்பாதியில் மறுபடி நடு, மறுபடி பாதி. பட்டியல் அகர வரிசையில் இருக்கும் என்று நம்புவதால்தான் அதற்கு அத்தனை வேகம். அடியில் கிடந்த டிரைவர் பக்கம் அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வரிசைப்படுத்தும் 'சார்ட்' கட்டளையால் பட்டியலை அடுக்கிவிட்டு மறுபடி தேடினாள். பன்னிரண்டு வரிகள்.

"டிப்போலதான்மா இருக்கேன். டீ குடிச்சுட்டு வரலாமா, வெறும் வயித்தோட வரணுமா?" என்றார் டிரைவர் போனில்.

"நல்லா சாப்பிட்டே வாங்கண்ணா. ரொம்ப நன்றி."

"கொடுத்ததுக்கப்புறம் சொல்லுங்கம்மா."

சோதனையெல்லாம் முடிந்து, விளக்கு போடும் நேரத்துக்குப் பை மாடிக்குப் போயிற்று. "உன் வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்" என்று நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள் பதிவாளர். பிறகு ஒரு தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினாள்:

'புதுப் பெயர் சேர்த்தால், முதலில் சார்ட். அதற்குப் பிறகுதான் லுக்.'