கருங்காலக்குடி தாண்டினால் கொதிக்கும் வண்டி

இன்ஜின் வேலை முடிந்து வண்டி வந்த மூன்றாவது நாள், கருங்காலக்குடியைத் தாண்டியதும் சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டை நெருங்கியது. முத்துமீனா ஓரம்கட்டி இன்ஜினை அணைத்தாள். பின்சீட்டில் சாய்ந்திருந்த பேச்சிமுத்து கண்ணைத் திறந்தார்.

"என்ன தாயி, மேலூர் வந்துருச்சா?"

"இல்லண்ணே. வண்டி சூடாயிருச்சு. செத்த ஆறட்டும்."

விடிய இன்னும் நேரமிருந்தது. லாரிகள் காரை உலுக்கிக்கொண்டு போயின. ஏழு மணிக்கு அவர் மதுரை ஆஸ்பத்திரியில் இருந்தாக வேண்டும்.

பேச்சிமுத்து கல்குவாரியில் வேலை பார்த்தவர். ஐம்பத்திரண்டு வயது. இரண்டு சிறுநீரகமும் நின்றுபோய் நான்கு வருடமாகிறது. திங்கள், புதன், வெள்ளி என வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். கொட்டாம்பட்டிக்கு உள்ளே நாலு கிலோமீட்டரில் இருக்கும் ஊரிலிருந்து அவரைக் கூட்டிப்போய்க் கூட்டி வருவது முத்துமீனாவின் வேலை. அவளுக்கும் அதே ஊர்தான். அவளுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். அவள் முப்பது வயதில் லைசென்ஸ் எடுத்து, பழைய டீசல் கார் ஒன்றை வாங்கி, பதினோரு வருடமாக வாடகைக்கு ஓட்டுகிறாள். ரத்தமும் வாந்தியும் பட்டு சீட் பாழாகிவிடும் என்று மற்ற டிரைவர்கள் டயாலிசிஸ் நோயாளிகளை ஏற்றுவதில்லை.

அன்றைக்கு ஐம்பது நிமிடம் தாமதமாகிவிட்டது. அடுத்த நோயாளி வெளியே காத்திருந்ததால், பேச்சிமுத்துவின் நான்கு மணி நேரம் மூன்றாகக் குறைந்தது. வெளியேறாத நீர் உடம்பில் தங்கி, மறுநாள் படுத்தால் அவருக்கு மூச்சு முட்டியது. ராத்திரி முழுக்கச் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார் என்று அவர் மனைவி சுந்தரம்மாள் போனில் சொன்னாள். சொன்னாளே தவிர, முத்துமீனாவைக் குறை கூறவில்லை.

இன்ஜினைப் பிரித்துப் பூட்டியவர் வில்லாபுரத்துப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் பீமாராவ். சௌராஷ்டிரக்காரர். வீட்டில் நெசவு இருந்தும் சின்ன வயதிலேயே ஸ்பானரைப் பிடித்தவர். அவர் கை வைத்த இன்ஜின் திரும்பி வந்ததில்லை என்று பெயர். முத்துமீனா வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியதும் ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினார். அடுத்த வாரம் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மாஸ்டாட்டை மாற்றினார். அதற்கடுத்த வாரம் தண்ணீர் பம்ப்பையும் புதிதாகப் போட்டார். ஒவ்வொரு தடவையும் பட்டறையிலேயே அரை மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டுக் காட்டினார். முள் பாதியில் நின்றது.

"பாருங்கம்மா, அசையுதா?"

"இங்க அசையலண்ணே. ரோட்டுல ஏறுது. அறுபதுக்குள்ள போனா ஒண்ணுமில்ல. எம்பதுல பத்து நிமிசம் போனா ஏறிருது. மெதுவாப் போனா தானா எறங்கிருது."

"புது இன்ஜின் டைட்டா இருக்கும். ரெண்டாயிரம் கிலோமீட்டர் ஓடட்டும். நீங்களும் கியரை மாத்தாம மிதிக்கிறீங்க போல. ஓட்டுற விதமும் இருக்குல்ல?"

முத்துமீனா வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பட்டறையிலிருந்து ரெண்டு தெரு தள்ளி வந்த பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது. அதன்பின் ஐந்து மணிக்குப் பதில் நாலரைக்கே கிளம்பி, நான்குவழிச் சாலையின் ஓரமாகவே ஐம்பதில் ஓட்டினாள். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

நான்காவது வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து பேச்சிமுத்து வெளியே வந்ததும், "அண்ணே, ஒரு மணி நேரம் பொறுத்துக்குவீங்களா? வண்டியச் சூடாவே கொண்டுபோயி பட்டறைக்காரருகிட்ட நிறுத்தப் போறேன்" என்று கேட்டாள்.

"போ தாயி. வீட்டுல போயி என்ன செய்யப் போறேன்?"

ரிங் ரோட்டில் வேண்டுமென்றே எண்பதில் ஓட்டினாள். முள் முக்காலுக்கு வந்ததும் வில்லாபுரத்துக்குத் திருப்பினாள். பீமாராவ் பானெட்டைத் தூக்கினார். வண்டி நின்றபடி இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, முள் மெல்ல இறங்கத் தொடங்கியது.

"எறங்குது பாருங்க" என்றார் பீமாராவ்.

கையில் ஊசி போட்ட இடத்தில் பஞ்சு ஒட்டியபடி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பேச்சிமுத்து, "ரோட்டுல போற வேகத்துக்கு மிதிச்சுப் பாத்தீகளாண்ணே?" என்றார்.

"நிக்கிற வண்டிய எதுக்கு அம்புட்டு மிதிக்கணும்?"

"எனக்கு வண்டி தெரியாது. எனக்கு மாட்டுற மிசினுல ஒரு பம்பு சுத்தும். மெதுவாச் சுத்துனா ஒண்ணுமில்ல. வேகத்தக் கூட்டுனா சில நாளு ரத்தம் வர்ற குழாய் உறிஞ்சி ஒட்டிக்கும், மிசினு கத்தும். நர்சம்மா வேகத்தக் கொறைச்சா சரியாயிரும். இந்தப் பிள்ள சொல்றதும் அப்படியே இருக்கே."

பீமாராவ் அவரைப் பார்த்தார். பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்தார். முத்துமீனா ஏறி உட்கார்ந்து ஆக்சிலரேட்டரை அழுத்தினாள். இன்ஜின் இரைந்தது.

ரேடியேட்டரின் அடியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாய் நடுவில் ஒடுங்கியது. காலியான பால் பாக்கெட்டைப் போல அதன் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டன.

"விடுங்க!" என்று கத்தினார் பீமாராவ்.

அவள் காலை எடுத்தாள். குழாய் உப்பிப் பழைய உருளை வடிவத்துக்கு வந்தது.

"மிதிங்க."

மறுபடி ஒட்டிக்கொண்டது. நான்கு தடவை மிதிக்கச் சொன்னார். நான்காவது தடவை அவர் டார்ச்சை அணைத்துவிட்டு நிமிர, அவளாகவே காலை எடுத்தாள்.

பம்ப் தண்ணீரை உறிஞ்சி இழுப்பது அந்தக் குழாய் வழியாகத்தான். உறிஞ்சும்போது ஒடுங்காமல் இருக்க அந்த மாடல் குழாய்க்குள் ஒரு கம்பிச் சுருள் இருக்க வேண்டும். இன்ஜின் வேலையின்போது பீமாராவ் எல்லாக் குழாய்களையும் புதிதாக மாற்றியிருந்தார். புதியதில் சுருள் இல்லை. இன்ஜின் மெதுவாக ஓடும்போது அது தாங்கியது. சூட்டில் ரப்பர் தளர்ந்து, பம்ப்பும் வேகமாக இழுத்தால் ஒடுங்கித் தண்ணீரை நிறுத்திவிட்டது. வண்டியை நிறுத்திப் பானெட்டைத் திறப்பதற்குள் குழாய் நல்லபடியாகிவிடும். இதை அவர் பேச்சிமுத்துவுக்குத்தான் விளக்கினார். முத்துமீனாவின் பக்கம் திரும்பவில்லை.

ஸ்பேர் கடைக்குப் போன் போட்டுச் சௌராஷ்டிர பாஷையில் ஏதோ சத்தமாகப் பேசினார். பிறகு குரல் தணிந்தது. அவரே ஸ்கூட்டரில் போய்ச் சுருள் உள்ள குழாயை வாங்கி வந்தார். அதற்குள் பேச்சிமுத்து பின்சீட்டில் கால் நீட்டித் தூங்கிவிட்டார். இன்ஜின் ஆறிய பின் குழாயை மாட்டி, தண்ணீர் ஊற்றி, காற்றை வெளியேற்ற ஒரு மணி நேரமானது.

"நானும் வாரேன்" என்று சொல்லி முன்சீட்டில் ஏறிக்கொண்டார் பீமாராவ்.

ஒத்தக்கடை தாண்டியதும் முத்துமீனா எண்பதைத் தொட்டாள். ஏ.சி. ஓடியது. வெயில் சாலையில் கொதித்தது. இருவருமே முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலூர் வரைக்கும் அது பாதியைத் தாண்டவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு அருகில் பீமாராவ் நிறுத்தச் சொன்னார். இறங்கிக் கதவைப் பிடித்தபடி நின்றார்.

"புதுக் குழாய்க்குள்ள விரல விட்டுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். பாக்கல. உங்க ஓட்டுதலச் சொன்னேன் பாருங்க, அது என் தப்பு."

"நானும் அன்னைக்கே ரோட்டுக்குக் கூப்பிட்டிருக்கணும்ணே. கோவத்துல விட்டுட்டேன்."

"கூப்பிட்டாலும் வந்திருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் மதுரை பஸ்ஸைத் தேடிப் போனார்.

ஊர் போய்ச் சேர மூன்று மணியாகிவிட்டது. சுந்தரம்மாள் வாசலுக்கு ஓடி வந்தாள்.

"ஏன் இம்புட்டு நேரம்? என்ன ஆச்சு?"

"குழாய் ஒட்டிக்கிச்சு" என்றார் பேச்சிமுத்து, தூக்கம் கலையாமல்.

அவள் பதறிப்போய் அவர் கையைப் பிடித்து, பஞ்சு ஒட்டியிருந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இவருக்கு இல்லக்கா, வண்டிக்கு" என்றாள் முத்துமீனா. "சரி பண்ணியாச்சு. திங்கக்கிழமை அஞ்சு மணிக்கு வந்தாப் போதும்."

சுந்தரம்மாள் கையை விட்டாள். பிறகு அவரைத் திட்ட ஆரம்பித்தாள்.