தோற்பதில் கெட்டிக்காரர்

கம்பைநல்லூர்ப் புளி வியாபாரி வெங்கடாசலம் பதினோரு வருஷமாக மிட்டாதாரின் புளியந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்து வந்தார். அவரைவிடக் கூடுதலாகக் கொடுக்க ஆள் இல்லாமல் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மிட்டாதார் பங்களாவில் நடக்கும் மூணு சீட்டு ஆட்டத்தில் அவரைப்போல அழகாகத் தோற்க இன்னொருவன் பிறந்துதான் வரவேண்டும்.

பெரிய மிட்டாதாரிடம் தோற்பது சுலபம். சீட்டைக் கவிழ்த்து ஆட்டத்தை விடுவது அவருக்கு மீசையை எடுப்பதற்குச் சமம். குப்பையை வைத்துக்கொண்டு கடைசிவரை காசு போடுவார். வெங்கடாசலம் தன் கைக்கு அதைவிடப் பெரிய குப்பை வரும்வரை பொறுத்திருந்து, வந்ததும் விடாமல் ஏற்றிக்கொண்டே போவார். சீட்டைக் காட்டும்போது தலையில் கைவைத்துக்கொள்வார். நாலு ஆட்டத்துக்கு ஒன்று ஜெயிக்கவும் செய்வார். சந்தேகம் வந்துவிடக் கூடாதே.

1941 சித்திரையில் பெரியவர் காலமானார். மெட்ராஸ் காலேஜில் படித்த மகன் தீர்த்தகிரி பங்களாவுக்கு வந்து சேர்ந்தார். காரியம் முடிந்த கையோடு, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தொடரும் என்று சொல்லியனுப்பினார். குத்தகையைக் கார்த்திகையில் புதுப்பிக்க வேண்டும்.

முதல் ஞாயிறு வெங்கடாசலம் வழக்கம்போல ஒன்றுக்கும் உதவாத சீட்டுக்குக் காசை ஏற்றினார். தீர்த்தகிரி பயந்துபோய்க் கவிழ்த்துவிட்டார். மறுபடி ஏற்றினார், மறுபடி கவிழ்த்தார். பொழுது சாய்வதற்குள் ஒன்பது ரூபாய் ஜெயித்து வெங்கடாசலத்துக்கு வேர்த்துக் கொட்டியது.

வீட்டுக்கு வந்து தூணில் சாய்ந்தவரை மனைவி பழனியம்மாள் ஏற இறங்கப் பார்த்தாள்.

"தோத்தா சிரிச்சிக்கினு வருவீங்க. இன்னிக்கு ஜெயிச்சிட்டு எழவு வூட்டுக்குப் போனவராட்டம் உக்காந்திருக்கீங்க."

அப்பன் முட்டுகிற காளை, மகன் தொட்டால் ஓட்டுக்குள் போகிற நத்தை என்று அன்றிரவே அவருக்குப் புரிந்துவிட்டது. நத்தையைத் தொடவே கூடாது. அடுத்த வாரம் முதல் தீர்த்தகிரி ஓரணா வைத்தாலே வெங்கடாசலம் பெருமூச்சு விட்டுக் கவிழ்த்தார். ஆளையும் கவனித்து வைத்துக்கொண்டார். மோசமான சீட்டு என்றால் தீர்த்தகிரி உதட்டை நக்குவார், காலை ஆட்டுவார். நல்ல சீட்டு வந்தால் கால் நின்றுவிடும். கால் நின்ற ஆட்டங்களில் மட்டும் வெங்கடாசலம் துணிந்து இரண்டு மூன்று சுற்று காசைக் கொட்டிவிட்டுத் தோற்றார்.

மூன்றாவது ஆள் நூர் பாஷா, தர்மபுரியில் மண்டி வைத்திருந்தவர், சின்னவர் காலத்தில் புதிதாகச் சேர்ந்தவர். நல்ல சீட்டென்றால் காசு வைப்பார், இல்லையென்றால் கவிழ்ப்பார். ஆட்டம் முடிந்ததும் பஸ் ஏறிப் போய்விடுவார். கையில் வந்ததை வைத்து ஆடுகிற வெறும் ஆள், அவரைக் கவனிக்க என்ன இருக்கிறது என்று வெங்கடாசலம் விட்டுவிட்டார்.

ஆவணிக்குள் தீர்த்தகிரிக்குத் துணிச்சல் வந்துவிட்டது. எதிராளியின் முகத்தைப் பார்த்தே சீட்டைச் சொல்லிவிடுவேன் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். முதலில் தலையாட்டியவர் வெங்கடாசலம்தான்.

குத்தகைக்கு ஒரு வாரம் இருந்தது. அன்று வெங்கடாசலத்தின் கையில் மூன்று ராஜாக்கள் வந்து உட்கார்ந்தார்கள். பதினோரு வருஷத்தில் வராத சீட்டு. எதிரே கால் ஆடியது, உதடு நனைந்தது. நூர் பாஷா முன்பே கவிழ்த்திருந்தார். தீர்த்தகிரி இரண்டு ரூபாயைத் தூக்கி வைத்தார். வெங்கடாசலம், பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுப்பதுபோல மூன்று ராஜாக்களையும் கவிழ்த்துப் போட்டார்.

தீர்த்தகிரி சிரித்துக்கொண்டே தன் சீட்டை விரித்துக் காட்டினார். இரண்டு, ஐந்து, எட்டு.

அடுத்துச் சீட்டுப் போடும் முறை நூர் பாஷாவுடையது. அவர் எல்லாவற்றையும் வாரி எடுக்கும்போது வெங்கடாசலத்தின் மூன்று சீட்டுகளும் மேல்பக்கமாகத் திரும்பி விழுந்தன.

"கை தவறிடுச்சுங்க," என்றார் நூர் பாஷா.

தீர்த்தகிரியின் கால் நின்றது. "இதையா கவுத்தீங்க?"

"கண்ணு முன்ன மாதிரி தெரியறதில்லீங்க எசமான். ராஜான்னு தெரியாம போச்சுங்க."

எதிர்ச் சுவரில் தொங்கிய காலண்டரின் அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று தீர்த்தகிரி கேட்டார். பதற்றத்தில் வெங்கடாசலம் பொடி எழுத்தில் இருந்த அச்சாபீஸ் விலாசத்தைத் தெரு நம்பரோடு ஒப்பித்துவிட்டார்.

"எங்கப்பாகிட்டயும் இப்படித்தானுங்களா?"

வெங்கடாசலம் குனிந்து ராஜாக்களைப் பொறுக்கினார். என்னை ஒரு ஆளாக மதித்து ஆடியவர் பாய் ஒருவர்தான் என்று சொல்லி, தீர்த்தகிரி அங்கேயே குத்தகையை நூர் பாஷாவுக்குப் பேசி முடித்தார்.

பஸ்ஸுக்கு நின்ற நூர் பாஷாவை வெங்கடாசலம் ஓடிப்போய்ப் பிடித்து, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்.

"நானும் குத்தகைக்குத்தான் வந்தேன் அண்ணே," என்றார் நூர் பாஷா நிதானமாக. "ஏழு மாசமா அவரு காலப் பாத்தீங்க, உதட்டப் பாத்தீங்க. பக்கத்துல இருந்த என்னைய ஒரு நாளும் பாக்கலீங்களே."

மறு ஞாயிறும் வெங்கடாசலம் கட்டாயம் வரவேண்டும், நிஜமாக ஆடவேண்டும் என்று பங்களாவிலிருந்து ஆள் வந்தது. விட்டதையெல்லாம் வட்டியோடு பிடித்துவிடுவது என்று வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனார். தீர்த்தகிரி இப்போது காலைச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார், வாயில் வெற்றிலை. ஒன்றும் பிடிபடவில்லை. ஜோடி வந்தபோது வெங்கடாசலத்தின் கை பழக்கத்தில் கவிழ்த்தது. குப்பை வந்தபோது பழக்கத்தில் காசை ஏற்றியது. பதினாலு ரூபாய் போயிற்று.

அன்றைக்குச் சீட்டே சரியில்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்.