அணைக்காத மைக்

சோபாவின் ஒரு முனையைத் தங்கை தூக்கினாள், மறுமுனையை எதிர்வீட்டுக்காரர். அண்ணனைக் கொண்டுவந்து கிடத்தக் கூடத்தில் இடம் வேண்டும். காலையில் பல் துலக்கப் போனவர் குளியலறை வாசலிலேயே சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வண்டி எப்போது வேண்டுமானாலும் வரலாம். சோபாவோ கதவிடுக்கில் மாட்டிக்கொண்டு வருவேனா என்றது.

அந்த நேரம் பார்த்து ஹெட்போன் வந்து நின்றார். பிழைப்புக்கு வங்கி, அண்ணனும் அவளும் மாதாமாதம் போகும் கம்ப்யூட்டர் ஆர்வலர் குழுவில் ஒலி அவர் பொறுப்பு. அதனால்தான் அந்தப் பெயர். துக்கம் கேட்க வந்த முகமாகத் தெரியவில்லை. மடிக்கணினிப் பையை நெஞ்சோடு அணைத்திருந்தார்.

"கொஞ்சம் தனியா வாம்மா."

பின்னறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். "நேத்துக் கூட்டத்துல, இடைவேளைலயும் உங்கண்ணன் சட்டைல மைக்கு ஓடிக்கிட்டே இருந்துச்சு. காலைல சேதி கேட்டதும் போட்டுப் பாத்தேன்."

மைக்கைக் கழற்ற வேண்டாம் என்று சொன்னவளே அவள்தான். கழற்றித் திரும்ப மாட்டினால் சத்தம் மாறிவிடுமாம்! பெரிய நிபுணர் மாதிரி பேசியிருந்தாள்.

பேச்சுகளைச் செலவு செய்து பதிவு செய்யலாமா வேண்டாமா என்று அந்தக் குழு மூன்று மாதமாக அடித்துக்கொண்டது. எல்லாரும் தன்னார்வலர்கள், சந்தாப் பணம் டீக்கும் அறை வாடகைக்குமே இழுபறி. வீடியோ வந்தால் நேரில் எவன் வருவான் என்றார் ஒருவர். வராமல் போனவர்களுக்கு என்ன வழி என்று இவள் மல்லுக்கு நின்றாள். கடைசியில் ஒரே ஒரு கூட்டத்துக்கு வாடகைக் கேமரா, சரியாக வந்தால் மேற்கொண்டு யோசிப்போம் என்று முடிவாயிற்று. "முதல் பலியாடு நான்தான்" என்று அண்ணன் சிரித்துக்கொண்டே கை தூக்கினார்.

"என்ன பேசியிருக்கார்?" என்றாள்.

ஹெட்போன் தரையைப் பார்த்தார். "நெஞ்சு வலிக்குதுன்னு யார்கிட்டயோ சொல்றார். வீட்டுக்குப் போங்கங்கறாங்க. பாதில போனா தங்கச்சியோட ரெக்கார்டிங் கெட்டுடும், முடிச்சுட்டுப் போறேங்கறார்."

அவள் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஆக, அண்ணன் நின்றது அவளுக்காக. கிளம்பியிருந்தால் பிழைத்திருப்பாரோ? இது அண்ணி காதில் விழுந்தால், இனி இந்த வீட்டு வாசலை எந்த முகத்தோடு மிதிப்பது? செத்துப்போனவருக்காக அழ வேண்டிய நேரத்தில் தனக்காகப் பயப்படுகிறோமே என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. பயம் மட்டும் போகவில்லை.

"வெட்டிடுங்க."

"மூணு எடத்துல வெட்டணும். உங்கண்ணன்தானே நேத்து மேடைல கிளிப்பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னார், எதையும் மூணு காப்பி வெக்கணும்னு. ராத்திரியே வெச்சுட்டேன்."

"மூணுலயும் வெட்டுங்க. சீக்கிரம்."

அவர் மடிக்கணினியைத் திறந்ததுதான் தாமதம், கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணி வந்தாள். காலையில் ஆஸ்பத்திரிக்கு ஓடிய அதே கசங்கிய உடை. அழுது அழுது குரல் போயிருந்தது.

"நேத்துப் பேசினதப் படம் புடிச்சிருக்கீங்களாமே. போடுங்க."

"இன்னும் சரி பண்ணல அண்ணி. அப்புறமா…"

"அப்புறம் எனக்கு என்ன இருக்கு?" அண்ணி கட்டிலில் உட்கார்ந்தாள். "மாசாமாசம் கூப்புடுவார், ஒருதடவ வந்து கேளேன்னு. எனக்கென்ன புரியப்போவுதுன்னு தட்டிக் கழிச்சுட்டேன். சரி பண்ணாட்டிப் பரவால்ல, போடு."

ஹெட்போன் தங்கையைப் பார்த்தார். அவர் விரல் பொத்தானின் மேலேயே நின்றது.

"அப்படியே போடுங்க" என்றாள் தங்கை.

அண்ணன் திரையில் வந்து தொண்டையைச் செருமினார். என்னென்னவோ சொன்னார், கூட்டம் சிரித்தது. அண்ணி சிரிக்கவில்லை, இமைக்கவும் இல்லை. தங்கை திரையின் அடியில் நகரும் நேரக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எல்லாரும் எழுந்து போனார்கள். திரையில் காலி மேடையும் ஒரு தண்ணீர் பாட்டிலும் மிச்சம். குரல் மட்டும் வெளியே எங்கிருந்தோ டீ உறிஞ்சும் சத்தத்தோடு வந்தது.

"நெஞ்சுல ஒரு மாதிரி இருக்குப்பா. கை வேற மரத்துப்போவுது."

"வீட்டுக்குப் போங்க சார்."

"பாதில போனா முதல் படமே அரைகுறையா நிக்கும். எல்லார்கிட்டயும் மல்லுக்கட்டி வாங்கியிருக்கா எந்தங்கச்சி, அவள உரிச்சுடுவாங்க. முடிச்சுட்டுப் போறேன். வீட்ல உளறிடாதே, எம்பொண்டாட்டி பயந்துடுவா. சாயங்காலம் அவளுக்குச் செருப்பு வாங்கணும். வார் அறுந்து ஊக்கு குத்திப் போட்டுக்கிட்டு நடக்கறா. நாம பாக்கலன்னு நெனப்பு."

நேற்றுச் சாயங்காலம் அவர் எங்கும் போகவில்லை. அலுப்பாக இருக்கிறது என்று படுத்துவிட்டார்.

மேடைக்கு அண்ணன் திரும்பி வந்தார். அண்ணி கையை நீட்டிப் படத்தை நிறுத்தினாள்.

"இதத்தான் சரி பண்றதா இருந்தீங்களா?"

ஹெட்போன் பையின் ஜிப்பை இழுத்து இழுத்து விட்டார். வெளியே வண்டி பின்வாங்கும் சத்தம் கேட்டது. எதிர்வீட்டுக்காரர் கதவைத் தட்டி, வந்துட்டாங்கம்மா என்றார்.

"ஒரு நிமிஷம் நிக்கச் சொல்லுங்க" என்றாள் அண்ணி. தங்கையின் பக்கம் திரும்பவில்லை. "டீ குடிக்கற எடத்துலேர்ந்து இன்னொரு தடவ போடு."

தங்கை நேரக் கோட்டில் விரலை வைத்து நகர்த்தினாள், அது அந்த இடத்தைத் தாண்டித் தாண்டிப் போனது. அண்ணி அந்த விரலைப் பிடித்து மெல்லப் பின்னால் இழுத்தாள். திரையில் காலி மேடை வந்தது.