பிரமநாயகிக்கு வந்த பெஞ்சு

புதன்கிழமை காலை பெஞ்சு வந்து இறங்கியது. தீம் பார்க்குக்குப் போகிற குடும்பங்களுக்கு மூன்று நாள் முன்னதாகவே பெஞ்சை அனுப்பிவிடுவார்கள். உட்கார்ந்து பழகிக்கொள்ளத்தான்.

சிமெண்ட் பெஞ்சு. ஒருவர் உட்காரும் அளவு. நான்கு பேர் தூக்கிவந்து ஹாலில் டிவிக்கு எதிரே வைத்தார்கள். சாய்மானத்தில் பச்சைப் பெயிண்டில் எழுதியிருந்தது: ‘பிரமநாயகி கோமதிநாயகம். பை பார்ப்பவர். நிரந்தரம்.’

பிரமநாயகி, வீட்டில் பிரமு, கையில் தோசைக் கரண்டியோடு வந்து அதைப் படித்தாள். நிரந்தரம் என்ற சொல்லை மட்டும் இரண்டாவது தடவை படித்தாள். பெயிண்ட் இன்னும் காயவில்லை.

மூன்று மாதமாக இந்தப் பயணத்துக்குத் திட்டம் போட்டவள் அவள்தான். எண்பத்திரண்டு வயது மாமனார் உலகநாதன் முதல் எட்டு மாதக் கைக்குழந்தை வரை நான்கு தலைமுறை, இருபத்தேழு பேர். யாருக்குத் தலை சுற்றும், யார் யாரோடு பேச மாட்டார்கள், யாரை ஜன்னலோரம் உட்கார வைத்தால் வேன் நாறாமல் போய்ச் சேரும் என்பதெல்லாம் அவள் நோட்டில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் ‘பை பார்ப்பது: ஆளுக்கு அரை மணி நேரம், முறை வைத்து’ என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தாள். குடும்ப வாட்ஸப் குழுவில் அதைப் போட்டபோது எல்லோரும் கைகூப்புகிற பொம்மை அனுப்பினார்கள். கும்பிடு போட்டால் சம்மதம் என்று நினைத்துக்கொண்டாள், பாவம்.

கல்யாணமாகி வந்து இருபத்துமூன்று வருஷம். அந்தக் குடும்பம் குற்றாலத்தில் குளித்தபோது பிரமு பை பார்த்தாள். திருச்செந்தூரில் கடலில் இறங்கியபோது பை பார்த்தாள். கொடைக்கானலில் படகில் போனபோது கரையில் நின்று பை பார்த்தாள். குற்றாலத்தில் ஒரே ஒரு தடவை அவள் கால் நனைந்தது. பையில் இருந்த தண்ணீர் பாட்டில் உடைந்துவிட்டது.

இந்தத் தடவை அவளுக்கு ராட்டினத்தில் ஏற வேண்டும். பெரிய ராட்டினம். உச்சிக்குப் போய் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் இறங்குமாம். அந்த ஒரு நிமிஷம் அவளுக்கு வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

பெஞ்சோடு ஆய்வாளர் ஒருவரும் வந்திருந்தார். பெயர் திரவியம். காக்கி உடுப்பு, கழுத்தில் இஞ்சு டேப்.

“உக்காருங்கம்மா. அளவு பாக்கணும்.”

“நான் உக்காரல.”

“பேரு எழுதியாச்சே.”

“அழிங்க.”

“எனக்கு எழுதத்தான் அதிகாரம். அழிக்கதுக்கு ஆபீசுக்குப் போகணும்.”

“ஆபீசு எங்க இருக்கு?”

“உங்க ஸ்டோர் ரூம்லதான். நாலு மணிக்கு நான் வந்து முத்திர வைப்பேன். அதுக்குள்ள பாத்துக்கிடுங்க.”

உறவுக்காரர்கள் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டதால் வீடு நீண்டிருந்தது. ஆள் வர வர ஹாலுக்கும் ஸ்டோர் ரூமுக்கும் நடுவே ஒவ்வொரு அறையாக முளைத்தது. வாடகை வீடு. வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருந்தது. சுவரில் ஆணி அடிக்காமல் இருந்தால் சரி என்று சொல்லிவிட்டார்.

ஸ்டோர் ரூமுக்கு இப்போது மினி பஸ் ஓடியது. பூஜை அறை, பீரோ, பின்கட்டு என்று மூன்று நிறுத்தம். பீரோவில் கூட்டம் ஏறியது. பிரமு நின்றுகொண்டே போனாள்.

அரிசி டிரம்முக்கும் புளிப் பானைக்கும் நடுவே ஒரு மேஜை போட்டிருந்தது. மேஜைக்குப் பின்னால் ஓர் எழுத்தர் அம்மாள். முன்பு அந்த இடத்தில் மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி இருந்தது.

“என்ன வேணும்?”

“பெஞ்சுல இருந்து என் பேர எடுக்கணும்.”

“எதுக்கு?”

“ராட்டினத்துல ஏறணும்.”

“யாரு?”

“நாந்தான்.”

அம்மாள் பேனாவை மூடி வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

“அப்பம் ஆசைச் சான்றிதழ் வேணும். உங்களுக்கு ஆச இருக்குன்னு.”

“நான் சொல்லுதேம்லா?”

“நீங்க சொன்னா செல்லாது. நீங்க ஆசைப்பட்டத நேர்ல பாத்த சாட்சி ரெண்டு வேணும். பத்து வருசமாவது கூட இருந்தவுகளா இருக்கணும்.”

“வீட்டுல இருபத்தாறு பேரு இருக்காவ.”

“அப்பம் லேசுதான்” என்று சொல்லி அம்மாள் படிவத்தைக் கொடுத்தார்.

பிரமு அடுத்த பஸ்ஸில் ஹாலுக்குத் திரும்பினாள். கணவர் கோமதிநாயகம் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

“இங்கேருங்க. நான் என்னத்துக்காவது ஆசைப்பட்டு நீங்க பாத்திருக்கியளா?”

கோமதிநாயகம் யோசித்தார். நல்ல மனிதர். யோசிப்பதில் மட்டும் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

“உனக்கு ரசம்னா உசுருல்லா?”

“அது உங்களுக்கு.”

“மொளகு ரசம்?”

“அதுவும் உங்களுக்கு.”

“அப்பம் உனக்கு என்னதாம்ட்டி பிடிக்கும்?”

“அதத்தான் உங்கட்ட கேக்கேன்.”

“சொன்னாத்தான தெரியும்” என்று அவர் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

கணவரின் தங்கை காந்திமதி கால் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். கேள்வியைக் கேட்டதும் சிரித்துவிட்டாள்.

“மதினிக்கு என்ன ஆச? நாங்க சந்தோசமா இருந்தா அதுவே போதும்பிய.”

“நான் எப்பம் சொன்னேன்?”

“சொல்ல மாட்டிய. அதான உங்க கொணம்.”

ஈஸிசேரில் இருந்த மாமனார் கையைத் தூக்கினார். “ரெண்டாயிரத்து நாலுல ஒரு ஸ்டூல் வேணும்னு கேட்டா. எனக்கு நல்லா ஞாவகம் இருக்கு.”

“மாமா, அது பரண்ல இருந்து உங்க மாத்திர டப்பாவ எடுக்கதுக்கு.”

“கேட்டது நீதான?”

“நாந்தான்.”

“அப்பம் எழுதிக்கோ.”

எழுத முடியவில்லை. அடுத்தவர் மாத்திரை கலந்த ஆசை ஏற்கப்படாது என்று படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது.

இருபத்தாறு பேரையும் கேட்டாயிற்று. கைக்குழந்தையைக்கூடக் கேட்டாள். அது தலையை ஆட்டியது, ஆனால் அதற்குப் பத்து வருஷ சர்வீஸ் இல்லை. பிரமுவுக்கு வந்தது கோபமா அழுகையா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. மணி மூன்றாகிவிட்டது.

“யம்மா பிரமு” என்றார் மாமனார். “காப்பி கிடைக்குமா?”

“ஒங்களுக்கு மட்டுமா மாமா?”

“எல்லாருக்குந்தான். பெஞ்சுல யாரு உக்காரதுன்னு கலந்து பேசி ஒரு முடிவு எடுக்கணும்லா. வெறும் வாயோட எப்படிப் பேச?”

“பொடி ஸ்டோர் ரூம்ல இருக்கு. பஸ்ல போய்ட்டு வரணும்.”

“மெதுவாப் போய்ட்டு வா. நாங்க எங்க போகப் போறோம்?”

அவள் வாசல்வரை போனதும் காந்திமதி கூப்பிட்டாள். “மதினி, அப்படியே இந்தப் பையெல்லாத்தையும் கூடக் கொண்டுட்டுப் போயிருங்க. இங்க பாக்க ஆளில்ல.”

ஹாலில் அப்போது இருபத்தாறு பேர் இருந்தார்கள்.

சனிக்கிழமைக்காகக் கட்டி வைத்த பைகள் வரிசையாக நின்றன. ஆளுக்கு ஒன்று, இருபத்தாறு பை. ஒவ்வொன்றிலும் அவரவர் பெயர் எழுதிய அட்டை. பிரமுவுக்கென்று தனிப் பை கிடையாது. அவள் சேலை கோமதிநாயகத்தின் பையில் இருந்தது. சீப்பு காந்திமதியின் பையில். பல்துலக்கி யாரிடம் இருக்கிறது என்று அவளுக்கே மறந்துவிட்டது. எல்லாவற்றையும் பஸ்ஸில் ஏற்றினாள். கண்டக்டர் இருபத்தேழு டிக்கெட் கிழித்தார். பைகள் அமைதியாக உட்கார்ந்து வந்தன.

“சாட்சி?” என்று கேட்டார் எழுத்தர் அம்மாள்.

“கிடைக்கல.”

“பின்னால நிக்கிற இவுகள்லாம் யாரு?”

“பையி.”

“எத்தன வருசமாக் கூட இருக்காவ?”

பிரமு திரும்பிப் பார்த்தாள். “அந்த ரெக்ஸின் பை இருபத்துமூணு வருசம். நீலச் சக்கரப் பை பதினொண்ணு.”

“முன்னால வரச் சொல்லுங்க. படிவத்துல கூட இருந்தவுகன்னுதான் போட்டிருக்கு. ஆளுன்னு போடல.”

ரெக்ஸின் பை முன்னால் வந்தது. அதற்கு ஜிப் பாதியில் சிக்கிக்கொள்ளும். அதனால் வாக்கியத்தை நடுவில் நிறுத்தி, பின்னால் இழுத்து, மறுபடி விட்ட இடத்திலிருந்து பேசியது.

“கொடைக்கானல்ல, படகுத் தொறையில, ரெண்டேகால் மணி நேரம் தண்ணியவே பாத்துக்கிட்டு இருந்தாவ. அப்புறம் எம்மேல கைய வச்சி, ‘நாமளும் ஒரு தடவ ஏறிப் பாத்தா என்னவாம்’னு கேட்டாவ.”

“நீங்க என்ன சொன்னிய?”

“நான் பையில்லா. என்ன சொல்ல?”

நீலச் சக்கரப் பை தன் முறைக்குக் காத்திருக்காமல் பேச ஆரம்பித்தது.

“குத்தாலத்துல சொன்னாவ. திருச்செந்தூர்ல சொன்னாவ. காந்திமதி மவ சடங்குக்கு மண்டபத்து வாசல்ல ராட்டினம் வந்தப்பயும் சொன்னாவ. அன்னைக்குச் சத்தமாவே சொன்னாவ. அதே நேரம் பந்தியில யாரோ சாம்பார் கேட்டுட்டாவ.”

சொன்னதை எல்லாம் பிரமுவே மறந்துவிட்டிருந்தாள். இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. இத்தனை வருஷமும் கேட்டுக்கொண்டு பக்கத்தில் ஆள் இருந்திருக்கிறது. அவள் அரிசி டிரம்மைப் பிடித்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதாள்.

“அழுகைக்குத் தனிப் படிவம்மா” என்றார் எழுத்தர் அம்மாள், குரலைத் தாழ்த்தி.

பிரமு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சாட்சிகளுக்குக் கட்டைவிரல் இல்லாததால் ஒன்று சக்கர ரேகை வைத்தது, இன்னொன்று அடிப்பக்கத்து ஆணியைப் பதித்தது. அம்மாள் ஊதிக் காயவைத்துச் சான்றிதழைக் கொடுத்தார். ‘மேற்படியார் ஆசைப்பட்டது உண்மை’ என்று அதில் எழுதியிருந்தது. பிரமு பஸ்ஸில் அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு வந்தாள். காப்பிப் பொடியை எடுக்கவில்லை.

ஹாலுக்கு வந்து சேர்ந்தபோது மணி நாலு பத்து.

பெஞ்சு நீண்டிருந்தது. ஹாலின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை போய், அங்கே மடங்கி, ஜன்னலோரம் திரும்பி வந்திருந்தது. குடும்பம் முழுக்க அதில் உட்கார்ந்திருந்தது. மாமனார் ஈஸிசேரை விட்டு வந்து ஓரத்தில் சாய்ந்திருந்தார்; காயாத பெயிண்டில் இருந்த பிரமுவின் பெயர் அவர் முதுகோடு போயிருந்தது. கைக்குழந்தைக்குக்கூட ஓர் இடம் இருந்தது. திரவியம் இருபத்தாறாவது பெயரை எழுதி முடித்துப் பிரஷைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“காப்பி எங்கட்டி?” என்றார் கோமதிநாயகம்.

பிரமு சான்றிதழை நீட்டினாள். திரவியம் படித்துப் பார்த்தார். “இது ரொம்ப சரி. ஆனா தேவப்படாதும்மா. நாலு மணிக்கு வந்தேன். பெஞ்சுல எல்லாரும் இருந்தாவ. என்ன செய்யுதியன்னு கேட்டேன். காத்திருக்கோம்னாவ. பை பாக்கதுன்னா அதான வேல.”

“நாங்க காப்பிக்குல்லா காத்திருந்தோம்!” என்று கத்தினாள் காந்திமதி.

“எதுக்குன்னு எழுதப் படிவத்துல எடமில்லம்மா.”

எழுந்திருக்கலாம்தான். விதி ஒன்றும் தடுக்கவில்லை. ஆனால் முதலில் எழுந்திருப்பவர்தான் எல்லோருக்கும் காப்பி போட வேண்டும் என்ற பேச்சு எப்படியோ பெஞ்சின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பரவிவிட்டது. ஒருவரும் அசையவில்லை. வியாழக்கிழமையும் அசையவில்லை. வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டிலிருந்து இட்லி வந்தது. உட்கார்ந்த இடத்திலேயே சாப்பிட்டார்கள். சட்னியில் உப்பு பத்தவில்லை என்று கோமதிநாயகம் பிரமுவிடம் சொன்னார். பக்கத்து வீட்டில் சொல்லுங்கள் என்றாள் அவள்.

சனிக்கிழமை காலை கிரேன் வந்து பெஞ்சைத் தூக்கி லாரியில் வைத்தது. அப்போதும் யாரும் எழுந்திருக்கவில்லை. மாமனார் மட்டும் வேஷ்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டார். பின்னால் வேனில் பிரமுவும் பைகளும் போனார்கள். டிக்கெட்டில் இருந்த பெயரும் பையில் இருந்த பெயரும் ஒன்றாக இருந்ததால் கேட்டில் தகராறு வரவில்லை. நான்கடி உயரம் இருக்க வேண்டும் என்றார்கள். சக்கரப் பைகள் கைப்பிடியை நீட்டிக்கொண்டன. மற்றவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன.

ராட்டினத்துக்கு எதிரே ஒரு வேப்பமரத்தடியில் பெஞ்சை இறக்கினார்கள்.

“பையெல்லாம் மேல போயிட்டா நாங்க எதப் பாக்க?” என்று காந்திமதி கேட்டாள்.

“மேல பாருங்க” என்றார் திரவியம்.

பிரமு ஏறி உட்கார்ந்தாள். பக்கத்தில் கோமதிநாயகத்தின் பச்சைப் பை. ராட்டினம் நகர்ந்தது. அவள் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். பயம்தான், ஆனால் அவளுடைய சொந்தப் பயம். உச்சியில் போய் ராட்டினம் நின்றது. காற்று முகத்தில் அடித்தது. கொண்டை அவிழ்ந்து முடி பறந்தது. அவள் அதைக் கட்டவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு இப்படிச் சிரித்தது அவளுக்கு ஞாபகமில்லை.

கீழே வேப்பமரத்தடியில் கோமதிநாயகம் இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு கத்தினார்.

“ஏட்டீ பிரமூ! எங் கண்ணாடி எந்தப் பையில இருக்கு?”

பச்சைப் பையின் பக்கவாட்டு ஜிப்பில், சாக்ஸுக்குள் சுருட்டி வைத்திருந்தாள். பச்சைப் பை அவளைப் பார்த்தது. அவள் பச்சைப் பையைப் பார்த்தாள். நிமிஷம் முடிய இன்னும் பாதி இருந்தது.

“கேக்கலயே!” என்று பிரமு மேலிருந்து கத்தினாள்.

நன்றாகவே கேட்டது.