நீர்மாலைச் செம்பு

பேரருவியில் பெண்கள் பக்கம் கூட்டம் முட்டித் தள்ளியது. அனுசியா யாரையும் பார்க்காமல் உள்ளே புகுந்து, பித்தளைச் செம்பை நீட்டி நிரப்பி, மூடியை இறுக்கித் திருகினாள். சிங்கப்பூரில் அண்ணன் உச்சிமாகாளி இறந்து ஒருநாள்தான் ஆகியிருந்தது. தகனமும் அங்கேயேதான். விசா இருந்தது அவளுக்கு மட்டும்.

போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து அவன் போன் செய்திருந்தான்.

"ஏட்டி, நான் போயிட்டா பைப்புத் தண்ணியில அலசிப் போட்டுறாதீங்க. நீர்மாலைக்கு நம்ம அருவித் தண்ணி கொண்டா. உன் மதினி ஷவரைத் திறந்து விட்டுருவா!"

"வாயைக் கழுவு, அண்ணா" என்று திட்டியிருந்தாள்.

இறந்தவரைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுத்த தண்ணீரை வழியில் எங்கும் கீழே இறக்கக்கூடாது. தென்காசியிலிருந்து மதுரை விமான நிலையம் வரை செம்பு மடியை விட்டு இறங்கவில்லை. பெட்டி போடும் கவுண்டரில் இருந்த பெண், "இதையும் பெட்டிக்குள்ள வச்சிருங்கம்மா, கையில விடமாட்டாங்க" என்றாள்.

"கேளுட்டி" என்றான் கணவன் வேல்சாமி.

"பெட்டியைத் தூக்கித் தூக்கி எறிவாங்க. எங்கண்ணன் தண்ணி என் கையிலதான் வரும்."

பெட்டி உருண்டு உள்ளே போனது. வேல்சாமி விடைபெற்றுக்கொண்டான். கவுண்டரும் மூடியது.

சோதனையில் காக்கி உடுப்புப் பெண் செம்பை ஆட்டிப் பார்த்தாள். "தீர்த்தமாம்மா? நூறு மில்லிக்கு மேல போகாது. கொட்டிருங்க, இல்ல குடிச்சிருங்க."

"குடிக்கிற தண்ணி இல்லம்மா. எங்கண்ணனைக் குளிப்பாட்ட."

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. "பெட்டியில போட்டிருக்கலாமேக்கா..."

"சொன்னாங்க. நாந்தான் கேக்கல."

கொட்ட மனம் வரவில்லை. செம்போடு கழிப்பறைக்குப் போனாள். நீர்மாலை எடுப்பவர்கள் ஈரத்தோடுதானே வருவார்கள்? கொண்டையை அவிழ்த்து, மொத்தத் தண்ணீரையும் தலையில் ஊற்றிக்கொண்டாள். முடியைப் பிழியாமல் அப்படியே முறுக்கி இறுக்கிக் கட்டினாள். சொட்டச் சொட்ட வந்தவளை, காக்கி உடுப்புப் பெண் ஒன்றும் கேட்காமல் சோதித்து உள்ளே விட்டாள்.

விமானக் குளிரில் பல் கிட்டியது. இறங்கும்போது சேலை மொடமொடவென்று காய்ந்திருந்தது.

உச்சிமாகாளியைக் கோட்டு மாட்டிப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். மதினி வேல்விழி ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"குளிப்பாட்டியாச்சு, அனுசியா. இங்க எல்லாத்தையும் அவங்களே முடிச்சுத் தந்துருதாங்க. நான் சொல்லச் சொல்லக் கேக்கல."

அனுசியா கொண்டையை அவிழ்த்தாள். உள்மடிப்பில் மட்டும் ஈரம் மிச்சமிருந்தது. குனிந்து பிழிந்தாள், ஒரு சொட்டும் விழவில்லை. முடியை அள்ளி அண்ணனின் நெற்றியில் வைத்து அழுத்தித் துடைத்தாள். நெற்றி லேசாக மினுங்கியது.

ஆட்கள் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்த ஈரம் காயட்டும் என்று வேல்விழி கைகாட்டி நிறுத்தினாள்.